ஒரே செட்டிங், படத்துக்கொரு வெளிச்சம்

ஸ்டூடியோ ஃப்ளாஷ் வைத்துப் படம் எடுப்பதில் இருக்கும் பெரிய சௌகரியமே, வெளிச்சம் நம் பேச்சைக் கேட்கும் என்பதுதான். மேகம் வந்து மறைக்காது, பொழுது சாயாது. காலையில் அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ஷட்டர் வேகம் 1/125 வினாடி, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் சாயங்காலம் வரை அதேதான். அந்த நம்பிக்கையில் நூற்றுக்கணக்கில் கிளிக் செய்துகொண்டே போகிறோம். அப்புறம் கணினியில் ஏற்றி வரிசையாகப் பார்த்தால் ஒரு முகம் வெளிறிக் கிடக்கிறது, அடுத்தது சரியாக இருக்கிறது, அதற்கடுத்தது மங்கல். கேமராவையும் தொடவில்லை, லைட்டையும் தொடவில்லை. பின்னே எப்படி?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எதையாவது வாங்கியிருப்பார்கள். புது ட்ரிக்கர் (கேமராவிலிருந்து லைட்டை அடிக்க வைக்கும் கருவி), புது பேட்டரி, சில சமயம் புது லைட்டே. வாங்கியும் தீராததால்தான் வந்திருப்பார்கள். இன்னொரு கூட்டம் ஒவ்வொரு படமாக மென்பொருளில் ஏற்றி இறக்கிச் சமன் செய்து, அதையும் வேலையின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. வெளிச்சம் மாறுவதற்குக் காரணங்கள் ஒரு டஜன் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. ஒரு படத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் அது தெரியாது. வரிசையைப் பார்த்தால் தெரியும்.

அதனால் நான் முதலில் கேட்பது, "எப்படி மாறுகிறது?" மங்கல் மட்டும் வருகிறதா, வெளிறலும் சேர்ந்து வருகிறதா? போகப் போக மங்குகிறதா, நடுவில் திடீரென்றா? படம் முழுக்கவா, ஓர் ஓரத்தில் மட்டுமா? பலருக்கு உடனே பதில் வராது. "தாறுமாறா வருது" என்பார்கள். சரி, அந்தத் தாறுமாறான படங்களையே கொண்டுவாருங்கள் என்பேன். அழிக்காமல், திருத்தாமல், எடுத்த வரிசையிலேயே.

படங்களைச் சின்னச் சின்னதாக அடுக்கிவைத்துவிட்டு நான் பார்ப்பது நேரத்தை. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துடனும் அதை எடுத்த மணி, நிமிடம், வினாடி பதிவாகியிருக்கும். 11:42:07, நல்ல படம். 11:42:08, மங்கல். 11:42:09, இன்னும் மங்கல். 11:42:15, மறுபடி நல்ல படம். இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை. இடைவெளி விட்டு எடுத்தவை எல்லாம் நன்றாக இருக்கின்றன, அடுத்தடுத்து எடுத்தவை எல்லாம் மங்குகின்றன. ஃப்ளாஷ் நிரம்புவதற்குள் நாம் அழுத்திவிட்டோம்.

ஃப்ளாஷுக்குள் இருப்பது ஒரு பெரிய மின்தேக்கி. மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஷட்டரை அழுத்தியதும் செனான் வாயு நிரம்பிய ட்யூபுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மறுபடி நிரம்பக் கொஞ்ச நேரம் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மின்தேக்கியில் சேரும் ஆற்றல், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதனால் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைவாக இருந்தால் ஆற்றல் 19 சதவீதம் குறைந்துவிடும். படத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்), இரண்டு படங்களை அருகருகே வைத்தால் யார் கண்ணுக்கும் தெரிகிற வித்தியாசம். ரெடி விளக்கு எரிந்த பிறகுதானே அழுத்தினேன் என்பார்கள். அந்த விளக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பல ஃப்ளாஷ்களில், முக்கியமாக கேமரா மேல் மாட்டும் சின்ன வகைகளில், முழுக்க நிரம்பும் முன்பே அது எரிந்துவிடும். "இப்போது அடித்தால் ஏதோ ஒரு வெளிச்சம் வரும்" என்பது மட்டும்தான் அதன் உத்தரவாதம்.

இதற்கு வைத்தியம் சுலபம். விளக்கு எரிந்த பிறகும் ஓரிரு வினாடி பொறுங்கள். பொறுக்க முடியாத வேலை என்றால் பவரைப் பாதியாக்கி ஐஎஸ்ஓவை 100லிருந்து 200க்கு ஏற்றுங்கள். எக்ஸ்போஷர் அதேதான், நிரம்பும் நேரம் மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இன்றைய கேமராக்களில் 200க்கும் 100க்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனாலும் ஐஎஸ்ஓ 100ஐ விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக ஃபுல் பவரில் அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வரிசை வேறு மாதிரியும் இருக்கலாம். முதல் ஐம்பது படங்கள் நன்றாக இருந்து, போகப் போக மங்கல்கள் கூடினால் பேட்டரி தளர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது லைட் சூடாகியிருக்கிறது. சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள நிரம்பும் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் லைட்டுகள் நிறைய உண்டு. நாம் அதே தாளத்தில் அழுத்திக்கொண்டிருப்போம், அது பின்தங்கிவிடும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டு மூன்று லைட்டுகளைச் சேர்த்து மாட்டினாலும் வோல்ட்டேஜ் இறங்கி இதே கதைதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. பவரைக் குறைத்ததும் எடுக்கிற முதல் படம் மட்டும் வெளிறி வரும், இரண்டாவதிலிருந்து சரியாகிவிடும். மின்தேக்கியின் வோல்ட்டேஜை வைத்தே பவரைக் கட்டுப்படுத்தும் லைட்டுகளில் இது நடக்கும். குமிழைத் திருகிவிட்டோம், ஆனால் உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருப்பது எங்கே போகும்? புதிய லைட்டுகள் அதைத் தாமாகவே வடித்துவிடும், அதற்கும் ஓரிரு வினாடி பிடிக்கும். பழைய லைட்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. டெஸ்ட் பட்டனை ஒரு தரம் அழுத்தி வெறுமனே அடித்துவிட வேண்டும். பவரைக் குறைத்தால் டெஸ்ட் பட்டனை அழுத்து என்பது என் கைக்கே பழகிவிட்டது, தேவையில்லாத லைட்டிலும் அழுத்திவிடுவேன்.

இனி, மங்கல் படம் உண்மையிலேயே மங்கல்தானா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட லைட் வைத்திருந்தால் இது முக்கியம். மங்கிய படத்தில் ஆளின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் லைட்டுகளின் பிம்பம் வெள்ளைப் புள்ளியாகவோ கட்டமாகவோ தெரியும். நல்ல படத்தில் இரண்டு கட்டம், மங்கிய படத்தில் ஒன்று என்றால் வெளிச்சம் குறையவில்லை, ஒரு லைட் அடிக்கவே இல்லை. சம அளவில் விழுந்த இரண்டில் ஒன்று போனால் சரியாக ஒரு ஸ்டாப் இறங்கும். மூக்கின் நிழலும் மாறியிருக்கும். முகத்துக்கு நேரே இல்லாத லைட் என்றால் தலைமுடியின் ஓரத்தையும் பின்னணியையும் பார்க்க வேண்டும்.

லைட் அடிக்காமல் போனால் சந்தேகம் ட்ரிக்கர் மேல். கேமராவின் தலையில் இருக்கும் ஹாட் ஷூ என்ற பொருத்துமிடத்தில் முழுக்க உள்ளே போய் இறுகியிருக்கிறதா, அதன் தொடுபுள்ளிகளில் அழுக்குப் படிந்திருக்கிறதா, பேட்டரி எப்படி, அதே அலைவரிசையில் பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா? கேமராவும் லைட்டும் ஒரு மீட்டருக்குள் இருந்தாலும் சில ரேடியோ ட்ரிக்கர்கள் திணறும். அப்படிப்பட்ட சிலவற்றில் கிட்டத்துக்கென்று தனி செட்டிங்கே இருக்கிறது, மெனுவில் தேடிப் பாருங்கள். ஒளியைப் பார்த்து அடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் வைத்திருந்தால் அதற்கு வேறு வம்பு. கேமரா மேலிருக்கும் ஃப்ளாஷ் டிடிஎல்லில் (லென்ஸ் வழியே அளந்து ஃப்ளாஷின் அளவைத் தானே முடிவு செய்யும் முறையில்) இருந்தால், படத்துக்கு முன்னால் அளவு பார்க்க ஒரு சின்ன மின்னல் விடும். ஸ்லேவ் அதையே நிஜம் என்று நம்பி அடித்துவிடும், ஷட்டர் திறக்கும்போது அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

டிடிஎல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளந்து, புதிதாக முடிவெடுக்கும். வெள்ளைச் சட்டை ஃப்ரேமில் அதிகமாக வந்தால் குறைக்கும், கறுப்புக் கோட் வந்தால் கூட்டும். ஓடியாடும் இடத்தில் அது வரப்பிரசாதம். லைட்டும் ஆளும் அசையாத ஸ்டூடியோவில் அது வேண்டாத வேலை. அதே கணக்கில் ஆட்டோ ஐஎஸ்ஓவும். கேமராவை மேனுவலில் வைத்துவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்காமல் விட்டால், அது பாதி மேனுவல்தான். இன்னும் ஒளிந்திருப்பது, நிழலைத் தானாகத் தூக்கிவிடும் செட்டிங்குகள். நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றே. படத்துக்குப் படம் வெவ்வேறு அளவில் தூக்கி, கேமராவின் திரையிலும் ஜேபெக் கோப்பிலும் நம்மைக் குழப்பும். படங்களை உள்ளே ஏற்றும்போது ஆட்டோ திருத்தம் போடும்படி மென்பொருளில் அமைத்திருந்தாலும் இதே ஏமாற்றம்தான். சோதனை என்று இறங்கும் முன் இவை அத்தனையையும் அணைத்துவிடுவது என் வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறினால்? இப்போது லைட்டா கேமராவா என்று பிரித்தாக வேண்டும். அதற்கு கேமராவையே ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவதுதான் வழி. ஒரு ஃப்ளாஷ் மீட்டரை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, லைட்டின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து அளக்கக் கூடாது, கை அசைந்தாலே எண் மாறும். முதலில் பத்து வினாடி இடைவெளி விட்டு ஒரு பத்துத் தடவை, அப்புறம் ரெடி விளக்கு எரிந்த கணமே இன்னொரு பத்துத் தடவை. இரண்டிலும் எண் பத்தில் ஒரு ஸ்டாப்புக்குள் நின்றால் லைட் மேல் குற்றமில்லை. இரண்டாவதில் மட்டும் தடுமாறினால் நிரம்பும் நேரப் பிரச்சினை. நிதானமாக அடித்தும் தடுமாறினால் லைட்டுக்கே உடம்பு சரியில்லை.

என் நண்பர் ஒருவர் கைக்கடிகாரங்களைப் படம் எடுப்பவர். ட்ரைபாடில் கேமரா, மேஜையில் கடிகாரம், எதுவும் அசையாது. அவருக்குப் படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ட்ரிக்கரை மாற்றியாயிற்று, லைட்டை ஒரு கடையில் காட்டி, "போர்டு போய்விட்டது" என்ற தீர்ப்பையும் வாங்கியாயிற்று. படங்களை வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். ஒன்றுகூட மங்கல் இல்லை. சரியானவை, வெளிறியவை, இந்த இரண்டே வகை. நேரத்துக்கும் வெளிறலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு லைட் மேல் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. கோளாறான லைட் பெரும்பாலும் குறைவாகத்தான் அடிக்கும், அடிக்கடி கூடுதலாக அடிப்பது அபூர்வம். மீட்டரில் அளந்தால் எண் அசையவில்லை. ஆக, கேமரா பக்கம்.

கேமரா பக்கம் என்றால் எல்லோரும் ஷட்டரைத்தான் குற்றம் சொல்வார்கள். ஃப்ளாஷ் படத்தில் ஷட்டர் கிட்டத்தட்ட நிரபராதி. மின்னல் அடித்து ஓய்வதெல்லாம் வினாடியில் ஒரு சிறு துளிக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தால் போதும். அது கொஞ்சம் முந்தி மூடினாலும் பிந்தி மூடினாலும் மின்னலின் அளவு மாறாது. ஐஎஸ்ஓவும் அசையாத ஒன்று. மிச்சம் இருப்பது அபர்ச்சர்.

பல லென்ஸ்களில் அபர்ச்சர் இதழ்கள் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும். நாம் அழுத்துகிற அந்தக் கணத்தில்தான் எஃப் 16க்கோ எஃப் 11க்கோ சட்டென்று சுருங்கி, படம் எடுத்ததும் மறுபடி விரியும். இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டினாலோ, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ நெம்புகோலோ தளர்ந்தாலோ அவை சோம்பலாகச் சுருங்கும். முழுக்கச் சுருங்கி முடிக்கும் முன்பே ஃப்ளாஷ் அடித்துவிடும், படம் வெளிறிவிடும். நண்பரின் கேமராவில், படம் எடுக்காமலே அபர்ச்சரைச் சுருக்கி ஃபோகஸ் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் பட்டன் இருந்தது. அதை அழுத்திக்கொண்டே லென்ஸின் முன்பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தோம். இதழ்கள் மேல் வானவில் போல ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. முதல் அழுத்தலில் ஓர் இதழ் மற்றவற்றுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. தொடர்ந்து நாலைந்து தரம் அழுத்தியதும் எல்லாம் சேர்ந்து ஓடின. கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் மறுபடி அதே இழுப்பு.

இதைப் பட்டன் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். லென்ஸை முழுக்கத் திறந்த அபர்ச்சரில் வைத்து எடுங்கள், அப்போது இதழ்கள் அசைய வேண்டிய வேலையே இல்லை. எஃப் 8லிருந்து எஃப் 2.8க்கு வந்தால் மூன்று ஸ்டாப், ஆகவே பவரை எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். பவரைக் குறைத்ததால் லைட் நிரம்புவதும் வேகமாகிவிடும் என்பதால், இரண்டு சோதனைக்கும் ஒரே மாதிரி தாராளமாக இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் லைட்டின் குறை மறைந்து லென்ஸ் மேல் பழி விழும். திறந்து எடுத்ததில் எல்லாம் ஒன்றுபோல் வந்து, சுருக்கி எடுத்ததில் மட்டும் மாறினால் சந்தேகமே வேண்டாம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, அசையாத எல்இடி வெளிச்சத்தில் எஃப் 16ல் சில படங்கள் எடுத்தும் உறுதி செய்துகொள்ளலாம்.

ஷட்டரை நிரபராதி என்றேன். ஒரே ஒரு குற்றம் அதற்கும் உண்டு. அது ஓர் ஓரமாகத் தெரியும். பெரும்பாலான கேமராக்களில் 1/160க்கும் 1/250க்கும் இடையில் ஏதோ ஒரு வேகம்தான் ஃப்ளாஷுக்கான எல்லை. அதைத் தாண்டினால் ஷட்டர் திரையின் ஒரு பகுதி மின்னலை மறைத்துவிடும். நன்றாகத் தாண்டினால் கறுப்புப் பட்டை விழும், யாருக்கும் புரியும். எல்லையிலேயே நிற்கும்போதுதான் ஏமாற்றம். ரேடியோ ட்ரிக்கர் எடுத்துக்கொள்ளும் சின்னத் தாமதத்தால் ஓரம் மட்டும் லேசாக இருளும். பெரிய லைட்டை ஃபுல் பவரில் வைத்தால் மின்னலின் வால் நீளம், அந்த வாலை ஷட்டர் நறுக்கிவிட்டாலும் இப்படித்தான். லைட்டின் நிழலா ஷட்டரின் நிழலா என்று தெரியாவிட்டால் கேமராவைக் குத்தாகத் திருப்பி எடுங்கள். இருள் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் ஷட்டர். 1/125க்கு இறங்கினால் போய்விடும்.

இறங்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லைட்டுகளை அணைத்து, அதே செட்டிங்கில் ஒரு படம் எடுத்தால் அது கரும் இருட்டாக வர வேண்டும். உருவம் லேசாகத் தெரிந்தாலும் அறை வெளிச்சம் கலக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் வெளிச்சம் என்றால் மேகத்தோடு மாறும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் விளக்குகள் பல வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், அதில் எந்த இடத்தில் ஷட்டர் திறந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு படத்திலும் கலப்பு மாறும். நிறமும் கூடவே தடுமாறினால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

மனிதர்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு, மேலே சொன்ன எதுவும் இல்லாமலேயே வெளிச்சம் மாறும். ஆள் அசைகிறார், அவ்வளவுதான். சாஃப்ட்பாக்ஸ் (லைட்டின் மேல் மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) முகத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது, ஆள் சிரித்துக்கொண்டே 10 சென்டிமீட்டர் பின்னால் சாய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும் கணக்கில் கிட்டத்தட்ட அரை ஸ்டாப் போய்விடும். லைட் 2 மீட்டரில் இருந்திருந்தால் அதே 10 சென்டிமீட்டருக்கு ஏழில் ஒரு ஸ்டாப்தான் குறையும். சாஃப்ட்பாக்ஸ் பெரிதென்றால் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது, ஆனால் திசை அதுதான். மென்மை வேண்டும் என்று லைட்டை மூக்குக்கு நேரே கொண்டுவருகிறவர்கள் இந்த விலையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பழைய ஆட்கள் சாஃப்ட்பாக்ஸில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அவ்வப்போது அதை இழுத்து ஆளின் கன்னத்தருகே பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடி வாங்க" என்பார்கள். ஸ்டூலின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டுவதும் உதவும், ஆனால் டேப் ஸ்டூலைத்தான் நிறுத்தும், முதுகை நிறுத்தாது.

எல்லாம் பார்த்தும் பழி கடைசியில் லைட் மேலேயே நின்றால், அதைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த லைட் என்றால் குறைந்த பவரில் ஆரம்பித்து நிதானமாகப் பல தடவை அடித்துப் பாருங்கள். உபயோகிக்காமல் கிடந்த மின்தேக்கி சில சமயம் இப்படியே தேறிவிடும். தேறவில்லை என்றால் சர்வீஸ்தான். லைட்டானாலும் லென்ஸானாலும், கொடுக்கும்போது அந்தச் சோதனைப் படங்களை எடுத்த வரிசையிலேயே, மீட்டர் எண்கள் எழுதிய தாளோடு சேர்த்துக் கொடுங்கள். நண்பர் அப்படித்தான் கொடுத்தார். இதழ்களைக் கழற்றிச் சுத்தம் செய்து லென்ஸ் திரும்பி வந்தது. போர்டு போய்விட்டதாகச் சொல்லப்பட்ட லைட் இன்னும் அதே போர்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது.